முள்வேலிக்குள் ஓர் ஆட்டுக்கொம்பு

1943ஆம் ஆண்டு. போலந்தின் ஸ்கார்சிஸ்கோ-கமியென்னா என்னும் இடத்தில் ஹசாக் என்ற ஜேர்மன் நிறுவனம் வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றை நடத்தி வந்தது. அங்கே கூலியின்றி, அரைவயிற்றுக் கஞ்சிக்கு வேலை வாங்கப்பட்ட யூதக் கைதிகளுள் மோஷே விண்டர்டர் என்ற உலோகத் தொழிலாளியும் ஒருவர். அதே முகாமில் இருந்த ராடோஷிட்சே ஊரின் ரப்பி இட்ஸாக் பிங்க்லர் அவரிடம் ஒரு வேண்டுகோளை வைத்தார். (யூத மார்க்க அறிஞரை ரப்பி என்பர்.) புத்தாண்டு வருகிறது, அன்று ஊதுவதற்கு ஒரு கொம்பு செய்து தர முடியுமா?

கேட்பதற்குச் சிறிய காரியம்தான். ஆனால் அந்தப் பட்டறையில் வேலைக்குத் தொடர்பில்லாத ஒரு பொருளுடன் பிடிபட்டால் மரணம். கொம்புக்கு எங்கே போவது? வெளியிலிருந்து வரும் போலந்துக் காவலாளி ஒருவருக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். அவர் கொண்டுவந்தது மாட்டுக்கொம்பு. அது கூடாது. கன்றுக்குட்டியை வணங்கிய பாவத்தை நினைவூட்டும் என்பதால் மாட்டின் கொம்பை யூத மார்க்கம் இந்த வழிபாட்டுக்கு ஏற்பதில்லை. மீண்டும் கையூட்டு, இம்முறை ஆட்டுக்கடாவின் கொம்பு வந்தது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் மகனுக்குப் பதிலாக அறுக்கப்பட்ட ஆட்டுக்கடாவின் நினைவாகவே அவர்கள் கடாக்கொம்பைச் சிறப்பாகக் கருதுகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக் கொண்டாடும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விண்டர்டர் கொம்பைச் செய்து முடித்தார். செப்டெம்பர் இறுதியில் வந்த புத்தாண்டில் கைதிகள் அதன் ஒலியைக் கேட்டார்கள். பின்பு அவர் செஸ்டகோவா முகாமுக்கு அனுப்பப்பட்டபோது கொம்பும் உடன் சென்றது. அங்கிருந்து புக்கன்வால்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது மட்டும் அதை எடுத்துச்செல்ல முடியவில்லை. அவரும் பிழைத்தார், கொம்பும் பிழைத்தது. விடுதலைக்குப் பின் செஸ்டகோவாவின் யூதர்களிடம் இருந்த அது அமெரிக்கா போய், 1977இல் ஜெரூஸலத்திலுள்ள யாத் வஷெம் நினைவகத்தைச் சென்றடைந்தது. ஷோபர் என்று அதற்குப் பெயர்.

உயிரே ஊசலாடும் இடத்தில் ஒரு கொம்புக்காக இவ்வளவு ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. ஆயினும் அதற்கு முன் இன்னொரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும். "பலஸ்தீனச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே இதை ஏன் எழுத வேண்டும்?" என்று வீட்டிலேயே என்னிடம் கேட்டார்கள். இந்த இதழைப் படிக்கும் பெற்றோருள் சிலரும் கேட்கக்கூடும். ஒரு துயரை அறிவதால் இன்னொரு துயர் பொய்யாகிவிடுவதில்லை என்பதே என் பதில். 1943இல் அந்தப் பட்டறையில் நின்ற மனிதரை அவர் நின்ற இடத்திலும் காலத்திலும் வைத்தே பார்ப்போம்.

வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரைப் படித்த மாணவியருக்குப் பின்னணி தெரியும். 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரலிலேயே, விலங்கை மயக்கமுறச் செய்யாமல் அறுக்கக் கூடாது என்ற சட்டம் ஜேர்மனியில் வந்தது. யூதர்கள் தம் மார்க்க முறைப்படி அறுத்து உண்ண முடியாமற் போயிற்று. பெரிய கொடுமைகளின் பட்டியலில் இச்சட்டம் பலர் கண்ணில் படுவதில்லை. நம் கண்ணில் படும். 1935இல் நூரெம்பர்க் சட்டங்கள். 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவும் மறுநாளும் நூற்றுக்கணக்கான யூத வணக்கத்தலங்கள் எரிக்கப்பட்டன. தௌராத் சுருள்கள் தெருவில் வீசப்பட்டன. 1945இல் போர் முடிந்தபோது கொல்லப்பட்ட யூதர்களின் தொகை ஏறத்தாழ 60 இலட்சம்.

யூதரின் வழிபாட்டுக்குப் பொருட்கள் பல வேண்டும். கையால் எழுதப்பட்ட தோற்சுருள், தோளில் போர்த்தும் குஞ்சமுள்ள துணி, வேதவரிகளை உள்ளே வைத்துக் கையிலும் நெற்றியிலும் தோல்வாரால் கட்டிக்கொள்ளும் சிறு கறுப்புப் பெட்டிகள், வெள்ளிக்கிழமை மாலையில் வீட்டுப் பெண் ஏற்றும் விளக்கு, பெருநாளுக்குரிய புளிக்காத ரொட்டி. முகாமின் வாசலில் இவையெல்லாம் பறிக்கப்பட்டன. உடுத்திய உடையும் தலைமுடியும்கூட மிஞ்சவில்லை.

ஆனால் மார்க்கச் சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. மாணவியரே, இங்கே நன்கு கவனியுங்கள். தண்ணீர் இல்லாவிடில் தயம்மும், பயணத்தில் சுருக்கித் தொழுதல், நோயாளிக்கு நோன்பை விடும் அனுமதி என்று நாம் படிக்கும் சலுகைகளை ருக்ஸத் என்கிறோம். யூத மார்க்கத்திலும் இதுபோன்ற விதி உண்டு. உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும் பின்தள்ளிவிடும். சிலை வணக்கம், கொலை, தகாத உறவு ஆகிய மூன்று மட்டுமே விதிவிலக்கு. ஆகவே கொம்பு ஊதாவிட்டால் விண்டர்டருக்குப் பாவம் இல்லை. புளித்த ரொட்டியை உண்டாலும் பாவம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்க்கத்தையே அழிக்க ஓர் அரசு முனைந்து நிற்கும் காலத்தில், செருப்பு வார் கட்டும் வழக்கம் போன்ற அற்ப விடயத்தைக்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய பழைய சட்டம். அப்படியானால் நாஸிகளின் காலம் எத்தகைய காலம்? 1492இல் ஸ்பெயினில் ஒரு யூதர் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் நாட்டிலேயே தங்கியிருக்கலாம். நாஸிகளிடம் அந்த வழியும் இல்லை. பாட்டன் பாட்டிமார் யாரென்றே அவர்கள் பார்த்தார்கள். மதம் மாறியவரையும் கொன்றார்கள். வார்சோ கெட்டோவில் இருந்த ரப்பி இட்ஸாக் நிஸ்ஸன்பாம் இதை வைத்தே ஒரு கருத்தைச் சொன்னதாகப் பதிவாகியுள்ளது. முன்னைய பகைவர் யூதனின் ஆன்மாவைக் கேட்டார்கள், அவன் உடலைக் கொடுத்து ஆன்மாவைக் காத்தான். இன்றைய பகைவன் உடலையே கேட்கிறான். எனவே உயிரோடு இருப்பதே இன்றைய வணக்கம் என்பது அதன் சாரம்.

இந்தக் கருத்தின்படி பார்த்தால் ரப்பி பிங்க்லர் செய்தது சரியா? தம் உயிரைப் பணயம் வைத்தது ஒருபுறம் இருக்கட்டும். இன்னொருவரின் உயிரையும் அல்லவா அந்த வேண்டுகோள் பணயம் வைத்தது? பலமுறை யோசித்தும் என்னால் திடமான விடை சொல்ல முடியவில்லை. அவர் கட்டளையிடவில்லை, வேண்டினார். விண்டர்டர் மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. பட்டறையில் அவர் செய்தவை அனைத்தும் பகைவனுக்கான பொருட்கள். தம் மக்களுக்காகச் செய்தது அந்த ஒன்று மட்டும்.

சரி, கொம்பு இருந்தது. அதை ஊத வேண்டிய நாள் எதுவென்று எப்படித் தெரிந்தது? தலைப்பிறை அறிவிப்புக்காக ஆண்டுதோறும் வானொலிக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் நமக்கு இக்கேள்வி வேடிக்கையானதாகத் தோன்றாது. யூத மாதங்களும் பிறையைக் கொண்டவையே. ஆனால் நம்முடைய மாதங்களைப் போல அவை பருவங்களினூடே நகர்வதில்லை. பாஸ்கா என்னும் பெருநாள் எப்போதும் இளவேனிலில் வரவேண்டும் என்பதால், 19 ஆண்டுகளில் ஏழு முறை பதின்மூன்றாவது மாதம் ஒன்றைச் சேர்ப்பார்கள். இதற்கான கணக்குச் சிக்கலானது. வெளியே அச்சிட்ட நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முகாமில் நாட்காட்டி இல்லை, பத்திரிகை இல்லை, எழுதுகோல் வைத்திருப்பதே குற்றம்.

ஆகவே மனக்கணக்காகவே செய்தார்கள். கணக்குத் தெரிந்தவரிடம் மற்றவர் கேட்டு வைத்துக்கொண்டார்கள். கிடைத்த துண்டுக் காகிதங்களில் முழு ஆண்டுக்கும் நாட்காட்டி எழுதினார்கள். அவுஷ்விட்ஸ், தெரேசியன்ஸ்டாட் போன்ற இடங்களில் கையால் எழுதப்பட்ட இத்தகைய நாட்காட்டிகள் சில இன்று நூதனசாலைகளில் இருக்கின்றன. கொம்பை விட இந்த நாட்காட்டியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முகாமில் ஒவ்வொரு நாளும் ஒரே நாள்தான்: விடியுமுன் தலைகளை எண்ணுதல், வேலை, கஞ்சி, மீண்டும் எண்ணுதல். அந்தக் காகிதத்தை வைத்திருந்தவருக்கு மட்டும் இன்று ஓய்வுநாள், நாளை மறுநாள் நோன்பு என்று ஒரு வேறுபாடு இருந்தது. நோன்பு நோற்றாரா, நோற்கும் நிலையில் இருந்தாரா என்பது அடுத்த விடயம்.

இனி லித்துவேனியாவின் கொவ்னோ நகருக்குச் செல்வோம். 1941 ஜூனில் ஜேர்மனியர் அங்கே நுழைந்தார்கள். ஒகஸ்டில் ஏறத்தாழ 30,000 யூதர்களைக் கெட்டோ என்னும் அடைப்புப் பகுதிக்குள் பூட்டினார்கள். அக்டோபர் இறுதியில் ஒரே நாளில் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோய்ச் சுட்டவர்கள் மட்டும் 9,000க்கு மேல். அங்கே எப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரப்பியிடம் மக்கள் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். நாம் பத்வா கேட்பது போலத்தான். ஓய்வுநாளில் வேலை செய்யலாமா? இந்த உணவை உண்ணலாமா? கேள்விகளையும் தம் விடைகளையும் சீமெந்துப் பைகளிலிருந்து கிழித்த காகிதத்தில் குறித்து, தகரப் பேணிகளில் அடைத்து மண்ணில் புதைத்தார் ஓஷ்ரி. விடுதலைக்குப் பின் தோண்டி எடுத்தார். 1959 தொடக்கம் அவை ஹீப்ரு மொழியில் பல தொகுதிகளாக வெளிவந்தன. "ஆழங்களிலிருந்து" என்பது தலைப்பின் பொருள்.

அவற்றுள் ஒரு கேள்வி என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. யூத ஆண்கள் நாள்தோறும் காலையில் ஓதும் துதிகளில், தம்மை அடிமையாகப் படைக்காத இறைவனைப் புகழும் ஒன்று உண்டு. கட்டாய வேலையில் நசுங்கிக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: நான் இப்போது அடிமைதானே, அதை ஓதினால் இறைவனிடம் பொய் சொன்னதாகாதா? பசியையோ அடியையோ பற்றி அவர் கேட்கவில்லை. தொழுகையில் பொய் கலந்துவிடுமோ என்பதே அவருடைய கவலை. ஓதத்தான் வேண்டும் என்று ஓஷ்ரி தீர்ப்பளித்தார். அந்தத் துதி உடலின் அடிமைத்தனத்தைப் பற்றியதன்று. அதை விட்டுவிட்டால் பகைவன் தந்த பெயரை நாமே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்ற கருத்தில் அவர் விளக்கினார்.

சலுகையைப் பயன்படுத்தியவர்களும் விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர் என்பதற்கு பெர்கன்-பெல்சன் முகாமே சாட்சி. நபி மூஸா (அலை) அவர்களோடு பனூ இஸ்ராயீல் மிஸ்ரிலிருந்து வெளியேறியபோது, பிசைந்த மா புளிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. அதன் நினைவாகப் பாஸ்கா நாட்களில் யூதர் புளித்த ரொட்டியைத் தொடுவதில்லை. வீட்டில் துணுக்குக்கூட இல்லாமல் துடைத்துவிடுவார்கள். பிர்அவ்னிடமிருந்து பெற்ற அந்த மீட்சியை ஆஷூரா நோன்பின் வாயிலாக நாமும் அறிவோம். 1944 ஏப்ரலில் பாஸ்கா வந்தபோது பெர்கன்-பெல்சனில் கிடைத்ததோ முகாமின் ரொட்டிதான். எட்டு நாட்கள் அதையும் விட்டால் பலர் இறந்துவிடுவர். முகாமிலிருந்த டச்சு ரப்பிகள் கூடி, உண்ணலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. ரொட்டியை வாயில் வைக்குமுன் ஓதுவதற்கென்றே ஒரு பிரார்த்தனையை எழுதிக் கொடுத்தார்கள். உன் கட்டளைப்படி புளிக்காத ரொட்டியை உண்ணவே விரும்புகிறோம் என்பதை நீ அறிவாய், அடிமைத்தனம் தடுக்கிறது, உயிரைக் காக்கும்படி நீ சொன்ன கட்டளையை நிறைவேற்றுவதாக எண்ணி இதை உண்கிறோம் என்ற பொருளில் அமைந்தது அது. கட்டளையை மீறுவதையே ஒரு கட்டளையாகச் செய்தார்கள் எனலாம்.

அந்த ரப்பிகளுள் ஒருவர் சைமன் டாஸ்பெர்க். அதே ஆண்டு பாஸ்காவுக்குச் சற்று முன், பதின்மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்த யோவாகிம் ஜோசப் என்ற சிறுவனுக்கு, விடியற்காலை இருளில், கதவுகளில் காவலுக்கு ஆள் நிறுத்தி, பருவமெய்திய ஆண்பிள்ளை வேதத்தை ஓதும் சடங்கை அவர் நடத்தி வைத்தார். உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு தோற்சுருளில் சிறுவன் ஓதினான். நான் இங்கிருந்து மீள மாட்டேன், நீ மீண்டால் நடந்ததைச் சொல் என்று கூறிச் சுருளை அவனிடமே கொடுத்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. போர் முடியுமுன் அங்கேயே இறந்தார். சிறுவன் வளர்ந்து பௌதிக விஞ்ஞானியானார். 2003இல் அவரிடமிருந்து அந்தச் சுருளை இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துச்சென்றார். பெப்ரவரி 1ஆம் திகதி கலம் சிதறியது. எழுவரும் மாண்டனர், சுருளும் போயிற்று.

பெண்கள் கைதிகளாயிருந்த குடில்களில் வேறுவிதமான பொருட்கள் பிறந்தன. உருளைக்கிழங்கைக் குடைந்து, சிறிது மாஜரீனை விட்டு, உடையிலிருந்து உருவிய நூலைத் திரியாக்கி வெள்ளி மாலை விளக்கேற்றியதை உயிர் தப்பிய பெண்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பசித்தவள் ஒருத்தி உணவையே விளக்காக்கினாள் என்றால் அந்தக் கிழங்கின் விலையை நாம் கணக்கிட முடியாது.

எல்லோரும் இப்படி இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். பதினைந்து வயதில் அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்ட எலி வீசல், முதல் இரவிலேயே தம் நம்பிக்கை எரிந்துபோனதைப் பிற்காலத்தில் எழுதினார். ஒரே பலகையில் படுத்த இருவருள் ஒருவர் தொழுவார், மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சூடான வீட்டில், வயிறு நிறைந்திருக்கும் நமக்கு இந்த இரண்டாமவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை.

பாஸ்கா இரவில் குடும்பமாக அமர்ந்து, மிஸ்ரிலிருந்து மீண்ட கதையை வாசிக்கும் நூலுக்கு ஹக்காதா என்று பெயர். அவ்வகை நூல்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்று பொஸ்னியாவின் தலைநகரான சரஜேவோவில் இருக்கிறது. ஏறக்குறைய 1350இல் ஸ்பெயினில் கன்றுத்தோலில் எழுதி, பொன்னும் வண்ணமும் தீட்டியது. ஸ்பெயினிலிருந்து யூதர் துரத்தப்பட்டபோது அதுவும் வெளியேறி, வெனிஸ் வழியாக வந்து, 1894இல் சரஜேவோ நூதனசாலைக்கு விலைக்கு விற்கப்பட்டது. அதன் ஏடுகளில் திராட்சை ரசக் கறைகள் உள்ளன. கண்ணாடிப் பெட்டிக்கென்று பிறந்த நூலல்ல அது; சாப்பாட்டு மேசையில் குழந்தைகளின் நடுவே கிடந்து பழகியது.

1942இல் நாஸிப் படைத்தலைவர் யோஹான் போர்ட்னர் அந்நூலைக் கேட்டு நூதனசாலைக்கு வந்தார். அங்கே நூலகராக இருந்தவர் தெர்விஷ் கோர்குத் என்ற முஸ்லிம் அறிஞர். தளபதி காத்திருக்க, சிறிய அளவினதான அந்நூலைக் கோர்குத் தம் உடைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டார் என்றும், ஏற்கெனவே ஒரு ஜேர்மன் அதிகாரி வந்து எடுத்துச்சென்றுவிட்டார் என்று இயக்குநர் சொல்லிச் சமாளித்தார் என்றும் வரலாறு வழங்குகிறது. பிறகு அது மலைக் கிராமமொன்றின் பள்ளிவாசலில் இமாமின் பொறுப்பில் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1992இல் பொஸ்னியப் போரில் குண்டுகள் விழுந்த நூதனசாலையிலிருந்து அதைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக முன்நின்ற என்வர் இமாமோவிச்சும் முஸ்லிமே.

நூலைக் காத்த அதே 1942இல், கோர்குத்தும் மனைவி செர்வெத்தும் மீரா பாபோ என்ற யூதப் பெண்ணைத் தம் வீட்டில் வைத்திருந்தார்கள். முக்காடு அணிவித்து, அமீரா என்று பெயர் சொல்லி, வீட்டு வேலைக்கு வந்த முஸ்லிம் பெண்ணாகக் காட்டினார்கள். போர் முடிந்ததும் கதை திசை மாறியது. கம்யூனிஸ்ட் அரசு கோர்குத்தைச் சிறையிலிட்டது. எங்களுக்காகச் சாட்சி சொல் என்று செர்வெத் மீராவிடம் போய்க் கேட்டார். மீராவின் கணவர் அஞ்சித் தடுத்துவிட்டார், மீரா போகவில்லை. கோர்குத் கொல்லப்பட்டிருப்பார் என்ற எண்ணத்தோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தார் அவர். கோர்குத் விடுதலையாகி 1969 வரை வாழ்ந்த செய்தி 1994இல்தான் மீராவுக்குத் தெரிந்தது. அப்போது முதுமையில் உட்கார்ந்து, அன்று சொல்லத் தவறிய சாட்சியை யாத் வஷெமுக்கு எழுதி அனுப்பினார். யூதரைக் காத்த பிற சமயத்தவருக்கு அந்நிறுவனம் வழங்கும் பட்டம் கோர்குத், செர்வெத் இருவருக்கும் கிடைத்தது. சான்றிதழ் ஒன்றும் வந்தது.

1999இல் கொசோவோவிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, அகதியாய் எல்லை கடந்தவர்களுள் கோர்குத்தின் மகள் லமியாவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். கையில் பெரிதாக எதுவுமில்லை. சான்றிதழின் பிரதி மட்டும் இருந்தது. மசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயிலிருந்த சிறிய யூதச் சமூகத்தாரிடம் போய் அதைக் காட்டினார். சில நாட்களில் அவர்களை இஸ்ரேலுக்கு விமானத்தில் ஏற்றினார்கள். இறங்கிய இடத்தில் தெரியாத நாடு, தெரியாத மொழி. கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்து, லமியா பிறந்த ஊரின் மொழியிலேயே அவரை வரவேற்றார். அவர் மீராவின் மகன்.